குடை, பெட்டி, கணக்கு: தங்கவயலில் எச்.டி. சேனல் வாங்கும் வழி

கோலார் தங்கவயலிலிருந்து டி.டி.எச். கம்பெனிக்கு போன் போட்டு "எச்.டி. போட்டு விடுங்க" என்று கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் முதலில் பார்ப்பது முகவரியை. ராபர்ட்சன்பேட்டை, கோலார் மாவட்டம், கர்நாடகம் என்று அவர் கணினியில் இருக்கும். அதைப் பார்த்ததும் அவர் வாயில் வருவது கன்னட எச்.டி. பேக். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வட்டார பேக்குகளெல்லாம் மாநில எல்லையைப் பார்த்துத்தான் கட்டப்படுகின்றன. ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் இங்கே சுரங்கம் இறக்கிய காலத்திலிருந்து வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர் இது என்பது அந்தக் கணினிக்குத் தெரியாது.

விளைவு, பல வீடுகளில் ஒரே கதை. பணம் கட்டியாகிவிட்டது, எச்.டி. சேனலும் வந்துவிட்டது, ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வீடே உட்கார்ந்து பார்க்கும் தமிழ் சீரியல் மட்டும் பழைய மங்கலிலேயே ஓடுகிறது.

எச்.டி. வருவதற்கு டி.வி., வயர், பெட்டி (செட்-டாப் பாக்ஸ்), குடை (டிஷ்), பேக், கணக்கு என்று ஆறு இடங்கள் சரியாக இருக்க வேண்டும். இவற்றில் எதில் குறை என்று தெரியாமல் ரீசார்ஜ் செய்தால் பணம் போகும், படம் வராது. 'ஆக்டிவேஷன்' என்பது கடைசி வேலை. அதனால் இந்த அத்தியாயம் கண்ணுக்கு முன்னால் இருக்கும் டி.வி.யில் தொடங்கி, கம்பெனியின் கணக்கில் போய் முடிகிறது.

டி.வி.யும் வயரும்

இந்தியாவில் சாதாரண சேனலின் படம் 576 வரிகளால் ஆனது. எச்.டி. படத்துக்கு 720 அல்லது 1080 வரிகள். அகலமும் கூடுவதால் 1080 வரிப் படத்தில் புள்ளிகளின் எண்ணிக்கை சாதாரணப் படத்தைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இந்தப் புள்ளிகளைக் காட்டும் திறன் டி.வி.க்கு இருக்க வேண்டும். பழைய பிக்சர் டியூப் டி.வி. வைத்திருப்பவர் எச்.டி. பேக் வாங்குவது வீண் செலவு. 'எச்.டி. ரெடி' என்று விற்கப்படும் 32 அங்குல டி.வி.யில் பெரும்பாலும் 1366-க்கு 768 புள்ளிகள்தான் இருக்கும். முழு எச்.டி. இல்லையென்றாலும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். 43 அங்குலத்துக்குப் போனவர்களுக்குச் சாதாரணச் சேனல்தான் தொல்லை. கிரிக்கெட்டில் பந்து ஒரு வெள்ளைத் தீற்றலாகத்தான் ஓடும்.

அடுத்தது வயர். பெட்டியிலிருந்து டி.வி.க்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை கொண்ட ஏ.வி. வயர் போகிறதா, ஒரே தட்டை முனை கொண்ட எச்.டி.எம்.ஐ. வயர் போகிறதா என்று டி.வி.க்குப் பின்னால் கைவிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று நிற வயர் வழியாக எச்.டி. படம் வரவே வராது. புது டி.வி. வாங்கியதும் பழைய வயரையே மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் எச்.டி. பேக்குக்கு மாதக்கணக்கில் பணம் கட்டினாலும் திரையில் வருவது சாதாரணப் படம்தான்.

பெட்டி

எச்.டி. சேனலுக்கு எச்.டி. பெட்டி வேண்டும். இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. பெட்டியில் 'எம்பெக்-4' என்று எழுதியிருந்தால் அது எச்.டி. பெட்டி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எம்பெக்-4 என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை, அவ்வளவுதான். 2007 கடைசியில் சேவையைத் தொடங்கிய சன் டைரக்ட் ஆரம்பத்திலிருந்தே எம்பெக்-4 முறையில்தான் ஒளிபரப்பியது. அந்தக் காலத்துப் பெட்டிகள் எல்லாம் எச்.டி. பெட்டிகள் அல்ல. சன் குழுமத்தின் முதல் எச்.டி. சேனல்களே 2011 டிசம்பரில்தான் வந்தன. ஆகவே பார்க்க வேண்டிய அடையாளங்கள் இரண்டு: பெட்டியின் பின்பக்கம் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா? முன்பக்கம் எச்.டி. முத்திரை இருக்கிறதா?

இரண்டும் இல்லையென்றால் எச்.டி. பேக் கேட்பதற்கு முன் பெட்டியை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய வாடிக்கையாளருக்கு 'அப்கிரேட்' என்ற பெயரில் தனி விலை இருக்கும். புது கனெக்‌ஷன் விலையையும் அப்கிரேட் விலையையும் கேட்டுக்கொண்டு, எது குறைவோ அதை எடுக்கலாம். ஆனால் புது கனெக்‌ஷன் எடுத்தால் பழைய கணக்கில் மிச்சமிருக்கும் பணம் என்னவாகும் என்பதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

வீட்டில் இரண்டாவது டி.வி. இருந்தால் இன்னொரு விஷயம். கணக்கு ஒன்றானாலும் ஒவ்வொரு பெட்டிக்கும் பேக் தனி. கூடத்து டி.வி.யில் எச்.டி. போட்டால் உள்ளறை டி.வி.யில் தானாக வந்துவிடாது.

குடை எந்தப் பக்கம் பார்க்கிறது?

டி.டி.எச். செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. தங்கவயல் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையைச் சற்றுத் தாண்டி. இங்கே வழக்கத்தில் இருக்கும் டி.டி.எச். கோள்கள் எல்லாம் அதற்குக் கிழக்கே உள்ளவை. டாட்டா பிளே பயன்படுத்தும் கோள்கள் 83 பாகையில் நிற்பதால் அதன் குடை கிட்டத்தட்ட தெற்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து, நன்றாக மேலே பார்க்கும். சன் டைரக்டுக்கும் தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ்ஷுக்கும் 93.5 பாகை, அதாவது தென்கிழக்கு. ஏர்டெல்லுக்கு 108.2 பாகை, அதன் குடை கிழக்குப் பக்கம் இன்னும் திரும்பி, சற்றுத் தாழ்ந்து நிற்கும். சாம்பியன் ரீஃபிலோ மாரிகுப்பத்திலோ ஒரு லைன் வீட்டு வரிசையைப் பார்த்தாலே எந்த வீட்டில் எந்தக் கம்பெனி என்று குடை பார்க்கும் திசையை வைத்துச் சொல்லிவிடலாம். வீட்டுக்குத் தென்கிழக்கே வேப்ப மரமோ பக்கத்து வீட்டு மாடியோ எழும்பிவிட்டால் யாருக்குச் சிக்கல், யாருக்கு இல்லை என்பதும் இதிலிருந்து தெரிந்துவிடும்.

ஓரிரு பாகை நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி கோளின் மின்சக்தி அமைப்பில் கோளாறு ஏற்பட்டு, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. 93.5 பாகையில் இருந்த அந்தக் கோளை நம்பியிருந்த சன் டைரக்ட், 91.5 பாகையில் இருந்த மலேசியாவின் மெசாட்-3 கோளுக்கு மாறியது. வானத்தில் வெறும் இரண்டு பாகை வித்தியாசம். ஆனால் தரையில் குடையைத் திருப்பாமல் அதைப் பிடிக்க முடியாது.

சாதாரணச் சேனல் தெளிவாக வருகிறதே, குடை சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றலாம். எச்.டி. சேனல்கள் பெரும்பாலும் அதிகத் தகவலை நெருக்கிப் பொதிந்து அனுப்பும் அலைவரிசைகளில் வருகின்றன; அவற்றுக்கு சிக்னல் தரம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். பெட்டியின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் 'ஸ்ட்ரெந்த்', 'குவாலிட்டி' என்று இரண்டு பட்டைகள் தெரியும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது குவாலிட்டியை. ஸ்ட்ரெந்த் ஏறி, குவாலிட்டி இறங்கி இருந்தால் குடை லேசாகத் திரும்பியிருக்கிறது அல்லது வயரின் முனையில் இருக்கும் கனெக்டர் துருப்பிடித்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

தங்கவயலில் காற்று அடித்தால், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசு ஊருக்குள் வரும். அது குடையில் படிவதால் சிக்னல் போய்விட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய தூசுப் படலம் அலைக்குப் பெரிய தடையில்லை. அதே காற்று ஷீட் கூரையை உதறும்போது, கூரைச் சட்டத்தில் முடுக்கிய குடையின் போல்ட் தளர்வதுதான் பிரச்சினை. முடிந்தவரை குடையைச் சுவரிலோ சிமென்ட் கட்டையிலோ முடுக்கச் சொல்வது நல்லது. மழை நேரத்தில் படம் உறைவது வேறு விஷயம். டி.டி.எச். பயன்படுத்தும் கே.யு. அலைகளைக் கனமழை உறிஞ்சிவிடும். மழை விட்டதும் தானே சரியாகும். அதற்காகக் கூரை ஏற வேண்டியதில்லை.

எந்த பேக், எவ்வளவு பணம்

இந்த ஊருக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். பேக் விலையின் பின்னணி தெரிந்தால் பேரம் சுலபம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2017 மார்ச்சில் பிறப்பித்து 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த ஆணைகள் மூலம், வேண்டிய சேனலை மட்டும் தனியாக வாங்கும் உரிமையைப் பார்வையாளருக்குக் கொடுத்தது. இதற்கு 'ஆ லா கார்ட்' என்று பெயர். அப்போது 100 சேனல்களுக்கான நெட்வொர்க் கட்டணம் வரி நீங்கலாக 130 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. இந்தக் கணக்கில் ஒரு எச்.டி. சேனலை இரண்டு சாதாரணச் சேனலாக எண்ண வேண்டும் என்றும் விதி இருந்தது. 2024 ஜூலையில் டிராய் இந்தக் கட்டணத்துக்கான உச்சவரம்பை நீக்கிவிட்டது. இப்போது ஒவ்வொரு கம்பெனியும் தன் கட்டணத்தைத் தானே அறிவிக்கிறது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் தொகையை வைத்துக் கணக்குப் போட முடியாது.

பேக்குக்குள் சேர்க்கப்படும் சேனலின் உச்ச விலை 19 ரூபாய் என்று 2017 ஆணை வரையறுத்தது. இடையில் 12 ஆகக் குறைக்கப்பட்டு, 2022 நவம்பரில் மறுபடி 19 ஆனது. 19 ரூபாய் சேனல் ஒன்றைத் தனியாக வாங்கினால் வரியோடு 22 ரூபாய் 42 காசு. எந்தச் சேனல் என்ன விலை என்பதை அறிய டிராய் 2020-ல் 'டி.வி. சேனல் செலக்டர்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. பெட்டியில் 999-ஆம் எண்ணைத் தட்டினாலும் வாடிக்கையாளர் தகவல் சேனல் வர வேண்டும்.

தங்கவயல் வீடு ஒன்றின் தேவையைப் பட்டியல் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். சீரியலும் படமும் தமிழில். பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ளூர்ச் செய்திக்கும் கன்னடம். ஆந்திர எல்லை அருகில்தான் என்பதால் தெலுங்குப் படம் பார்ப்பவர்களும் உண்டு. இதன் மேல் கிரிக்கெட். இந்த நான்கும் எச்.டி.யில் அடங்கிய பேக்கைத் தேடினால் விலை எகிறும். அதற்குப் பதில் எதை எச்.டி.யில் பார்த்தே தீர வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்வது நல்லது. தமிழ் எச்.டி. பேக் ஒன்றை அடிப்படையாக வைத்து, கன்னடச் சேனல் இரண்டு மூன்றைச் சாதாரண வடிவில் தனியாகச் சேர்ப்பது ஒரு வழி. செய்திச் சேனலை எச்.டி.யில் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. விளையாட்டிலும் சினிமாவிலும்தான் வித்தியாசம்.

போனில் பேசும்போது "முகவரி கர்நாடகம், ஆனால் தமிழ்நாடு பேக்தான் வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். அந்த பேக்கைத் தர முடியாது என்று சொன்னாலும், சேனல்களைத் தனித்தனியாகவோ ஒளிபரப்பாளரின் தமிழ்த் தொகுப்பாகவோ வாங்கும் வழி இருக்கிறது.

ஒரே சேனலுக்கு இரண்டு முறை பணம் கட்டும் பொறி ஒன்றும் உண்டு. ஒரு பேக்குக்குள் ஒரே சேனலின் சாதாரண வடிவமும் எச்.டி. வடிவமும் சேர்ந்து இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் பேக்கில் சாதாரண வடிவம் இருக்கும்போது, எச்.டி. வடிவத்தைத் தனியாக வாங்குவதை அந்த விதி தடுக்காது. அப்போது இரண்டுக்கும் பணம் போகும். எச்.டி. சேர்க்கும் அதே அழைப்பில் "சாதாரண சேனலை எடுத்துவிடுங்க" என்று சொல்ல வேண்டும். அது பேக்கில் இருப்பதால் எடுக்க முடியாது என்று பதில் வந்தால், அதே பேக்கின் எச்.டி. வடிவம் என்ன விலை என்று கேட்க வேண்டும்.

ஆக்டிவேட் செய்யும் நேரம்

இதற்கு மூன்று விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்: வாடிக்கையாளர் எண், பெட்டி அல்லது கார்டு எண், கம்பெனியில் பதிவான மொபைல் எண். முதல் இரண்டும் பெட்டியின் மெனுவிலோ அடிப்பக்கத்து ஸ்டிக்கரிலோ இருக்கும். மூன்றாவதுதான் இந்த ஊரில் தலைவலி.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, வேலைக்குப் பெங்களூர் போய்வருவது தங்கவயலின் தினசரி வாழ்க்கையாகிவிட்டது. விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் வீடு திரும்ப இரவாகிவிடும். டி.டி.எச். கணக்கு பெரும்பாலும் அந்த ரயிலில் போகிறவரின் மொபைல் எண்ணில் இருக்கும். ஓ.டி.பி. அவருக்குப் போகிறது, பெட்டியோ வீட்டில் அப்பாவிடம். பங்காருபேட்டை தாண்டி வண்டி போகும்போது மகன் செயலியில் எச்.டி. பேக்கைச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்கிறார்.

"நைனா, டி.வி. வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? நான் காலையிலயே சுவிட்ச அணைச்சிட்டேன்."

அணைத்ததுதான் கோளாறு. பணம் கட்டியதும் கம்பெனி அனுமதியை நேராகப் பெட்டிக்குள் வைப்பதில்லை. அந்த வீட்டுக் கார்டு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு செய்தியைச் செயற்கைக்கோளுக்கு ஏற்றுகிறது. கோள் அதை நாடு முழுவதும் பொழிகிறது. லட்சக்கணக்கான பெட்டிகள் அதைக் கேட்டாலும், தன் எண் வரும்போது மட்டும் பெட்டி அதை எடுத்துக்கொண்டு சேனலைத் திறக்கிறது. அந்த நேரத்தில் பெட்டிக்கு மின்சாரம் இல்லையென்றால், ரயிலைத் தவறவிட்ட பயணி மாதிரிதான். அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். செய்தி சில காலம் திரும்பத் திரும்ப அனுப்பப்படும், பிறகு நின்றுவிடும். 'ரிஃப்ரெஷ்' என்று சொல்வது இந்தச் செய்தியை மறுபடி அனுப்பச் சொல்வதைத்தான்.

ஆகவே ஒழுங்கு இது. முதலில் பெட்டியையும் டி.வி.யையும் போட வேண்டும். புதிதாக வாங்கப்போகும் எச்.டி. சேனலின் எண்ணுக்குப் போய் அங்கேயே நிற்க வேண்டும். 'சந்தா இல்லை' என்ற செய்தி திரையில் வந்தால் பரவாயில்லை. பிறகு செயலியிலோ போனிலோ பேக்கைச் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் திறந்துவிடும். அரை மணி நேரம் ஆகியும் வராவிட்டால் பெட்டியின் சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போட்டு, ரிஃப்ரெஷ் கேட்கலாம். குடை வயரைக் கழற்றக் கூடாது. செய்தி வருவதே அந்த வழியாகத்தான்.

பதிவான மொபைல் எண்ணை வீட்டில் இருப்பவர் எண்ணுக்கு மாற்றிக்கொள்வதும், இரண்டாவது எண் ஒன்றைச் சேர்க்க முடியுமா என்று கேட்பதும் ஐந்து நிமிட வேலை. எச்.டி. கேட்கும் அன்றே முடித்துவிட்டால் நல்லது.

வந்தும் தெரியாமல் இருப்பது

ஆக்டிவேட் ஆகியும் படம் பழையபடியே இருந்தால் முதலில் சேனல் எண்ணைப் பார்க்க வேண்டும். எச்.டி. வடிவத்துக்கு எண் வேறு. வருடக்கணக்காக விரல் பழகிய பழைய எண்ணையே தட்டினால் பழைய சேனல்தான் வரும். திரை மூலையில் இருக்கும் சேனல் முத்திரையில் எச்.டி. என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் சந்தேகம் தீரும். புது எண்களை 'ஃபேவரிட்' பட்டியலில் சேர்த்துக் கொடுத்தால் வீட்டுப் பெரியவர்களுக்கு வசதி.

அடுத்து, பெட்டியின் செட்டிங்ஸில் படத் தெளிவு 576-இல் நிற்கிறதா என்று பார்த்து 1080-க்கு மாற்ற வேண்டும். ஆட்கள் குட்டையாகவும் அகலமாகவும் தெரிந்தால் திரை அளவை 16:9 ஆக்க வேண்டும். படம் அருமையாக வந்து சத்தம் மட்டும் வரவில்லையென்றால் சேனலைக் குறை சொல்ல வேண்டாம், சில எச்.டி. சேனல்களின் டால்பி ஒலியைச் சில டி.வி.கள் புரிந்துகொள்வதில்லை. ஒலி அமைப்பில் 'ஸ்டீரியோ' அல்லது 'பி.சி.எம்.' என்று மாற்றினால் சத்தம் வந்துவிடும்.

வரவே இல்லையென்றால்

கேட்ட சேனலை 72 மணி நேரத்துக்குள் ஆக்டிவேட் செய்ய வேண்டும் என்பது டிராயின் 2017 சேவைத்தர விதி. இந்தக் கெடு ஓடத் தொடங்குவது வாடிக்கையாளர் கேட்ட நேரத்திலிருந்து. அதனால் வாய்ப்பேச்சோடு விடாமல், அழைப்பின் முடிவில் புகார் எண்ணைக் கேட்டு, தேதி நேரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். திரையில் வரும் பிழைக் குறியீட்டையும் மொபைலில் படம் பிடித்து வைத்தால், "சிக்னல் இல்லையா, சந்தா இல்லையா" என்று ஆரம்பத்திலிருந்து விசாரிக்கும் நேரம் மிச்சமாகும். இரண்டும் வேறு வேறு நோய்கள். சிக்னல் இல்லையென்றால் ஆள் வர வேண்டும். சந்தா இல்லையென்றால் ஆள் வந்து ஒன்றும் செய்ய முடியாது. ஆள் வரும் கட்டணத்துக்கும் 2024 ஜூலைக்குப் பிறகு உச்சவரம்பு கிடையாது என்பதால், வரச் சொல்வதற்கு முன் தொகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புகார் மையம் கைவிரித்தால் அடுத்த படி கம்பெனியின் நோடல் அதிகாரி. ஒவ்வொரு கம்பெனியும் அவர் விவரத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். தனிப்பட்ட வாடிக்கையாளரின் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருந்து பயனில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் பேசிப் பதிவு செய்யலாம். அதற்கும் அசையாத கம்பெனி என்றால் கோலாரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, இணைய வழியாகவும் தாக்கல் செய்யலாம். ரீசார்ஜ் செய்த ரசீது, புகார் எண், பிழைக் குறியீட்டின் படம் ஆகிய மூன்றையும் மனுவோடு இணைக்க வேண்டும்.